பயிருக்கு டெமரேஜ் யார் கொடுப்பது?



பொன்னேரி, மீஞ்சூர், சோழவரம் பக்கத்து விவசாயிகளான நமக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. தெற்கே சென்னைத் துறைமுகம். கிழக்கே எண்ணூர் காமராஜர் துறைமுகம். அதை ஒட்டியே காட்டுப்பள்ளி. மணலியில் ஒரு உரத் தொழிற்சாலை. எண்ணூரில் ஒரு உரத் தொழிற்சாலை. இந்த நாட்டில் இத்தனை துறைமுகத்துக்கும் தொழிற்சாலைக்கும் நடுவில் ஏர் பூட்டுகிறவன் வேறு யார்?

ஆனால் சம்பாவுக்குக் கடைசி உழவு ஓட்டி, அடியுரம் போட வேண்டிய நாளில் சொசைட்டிக்குப் போனால் என்ன பதில்? "லோடு வரல. அடுத்த வாரம் வந்து பாருங்க."

பயிர் அடுத்த வாரம் வரை பொறுக்குமா? ஆற்றங்கரையில் குடியிருந்தும் குடத்தில் தண்ணி இல்லாத கதை இது. ஏன் இப்படி ஆகிறது, இதில் யார் தப்பிக்கிறார்கள், யார் மாட்டிக்கொள்கிறார்கள் என்று விளக்கத்தான் இந்தத் துண்டறிக்கை. ஒருமுறை முழுசாகப் படியுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

மூலக்கொத்தளத்தில் கற்ற பாடம்

மொழிக்காக உயிர் விட்ட நடராசனும் தாளமுத்துவும் உறங்குகிற மூலக்கொத்தளம் நமக்குத் தெரிந்த இடம். அங்கே என் அக்கா மகன் குடியிருக்கிறான். டிரெய்லர் லாரி ஓட்டுகிறான். ஒரு வேலையாகப் பட்டணம் போனவன் அவன் வீட்டில் தங்கினேன். ராத்திரி சாப்பாட்டுக்கு வருகிறேன் என்றவன் மறுநாள் மத்தியானம்தான் வந்தான். எண்ணூர் சாலையில் லாரி வரிசையில் நின்றிருக்கிறான். திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் வரை நீளுகிற அந்த வரிசையை வருஷக்கணக்காக நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

"ஏம்பா, இப்படிக் காத்துக் கிடக்கிறியே, அந்த நஷ்டம் யாருக்கு?" என்று கேட்டேன். அவன் சொன்னான்:

"மாமா, கப்பல் லேட்டானா கப்பல்காரன் டெமரேஜ் கேட்பான். பெட்டி லேட்டானா பெட்டிக்காரன் தனியா வாடகை போடுவான். சரக்குக்காரன் அதை விலையில ஏத்திக்குவான். லாரி லேட்டானா ஓனர் என் பேட்டாவுல கழிப்பாரு. நான் யாருகிட்ட போய்க் கேட்கிறது?"

டெமரேஜ் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கப்பலை வாடகைக்கு எடுக்கும்போதே இத்தனை நாளில் சரக்கை இறக்கிவிடுவோம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள். அந்தக் கெடு தாண்டினால் நாளுக்கு இவ்வளவு என்று கப்பல்காரனுக்குத் தண்டம் கட்ட வேண்டும். காத்திருப்புக்கு விலை இருக்கிறது, அந்த விலை காகிதத்தில் இருக்கிறது, கேட்டு வாங்க கோர்ட்டும் இருக்கிறது.

பஸ்ஸில் ஊர் திரும்பும்போது எனக்கு ஒரே யோசனை. உரம் 20 நாள் லேட்டானால் பயிர் யாரிடம் டெமரேஜ் கேட்கும்? பயிர் யாரிடமும் கேட்காது. சத்தம் போடாமல் விளைச்சலில் கழித்துக்கொள்ளும். அறுவடை நாளில்தான் நமக்குத் தெரியும்.

நம்ம உரம் எங்கிருந்து வருகிறது?

மூட்டையில் தமிழில் எழுதியிருப்பதால் உள்ளூர்ச் சரக்கு என்று நினைக்காதீர்கள்.

பொட்டாஷ் ஏறக்குறைய முழுவதும் வெளிநாட்டுச் சரக்கு. உலகத்துப் பொட்டாஷில் பெரும்பகுதி கனடா, ரஷ்யா, பெலாரஸ் ஆகிய மூன்று நாட்டுக் கையில் இருக்கிறது.

டிஏபியில் ஏறக்குறைய பாதி நேரடியாகவே கப்பலில் வருகிறது. மீதியை இங்கே தயாரிக்கிறார்கள் என்றாலும் அதற்கான பாஸ்பேட் பாறை, பாஸ்பாரிக் அமிலம், அம்மோனியா எல்லாம் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வருகின்றன. உலகப் பாஸ்பேட் இருப்பில் சுமார் 70 சதவீதம் மொராக்கோவிடம் இருக்கிறது.

யூரியாவாவது நம்மளது என்பீர்கள். மணலியில் 1971-ல் உற்பத்தி தொடங்கிய மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் ஆலையின் 'விஜய்' யூரியாவை நம்ம அப்பா காலத்திலிருந்து போடுகிறோம். அது அரசு ஆலைதான், நம்ம ஆலைதான். முன்பு பக்கத்து எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் நாப்தாவில் ஓடியது. 2019-ல் எரிவாயுவுக்கு மாறியது. அந்த வாயு எண்ணூரில் அதே ஆண்டு திறந்த முனையத்துக்குக் கப்பலில் திரவமாக வந்து இறங்குகிற வாயு. பல ஆண்டுகளாக இந்தியாவுக்கு இதை அதிகம் விற்றுவந்தது கத்தார். அங்கிருந்து வரும் கப்பல் ஹோர்முஸ் என்கிற குறுகலான கடல் வாசலைத் தாண்டித்தான் வர வேண்டும். ஆக மணலி யூரியாவும் கப்பலை நம்பித்தான் இருக்கிறது.

இறங்கும் உரம் என்ன, பெட்டியில் பத்திரமாகவா வருகிறது? கப்பல் வயிற்றில் மணல் மாதிரிக் கொட்டிக் கிடக்கும். அள்ளி இறக்கி, சாக்கில் பிடித்து, ரயிலிலும் லாரியிலும் ஏற்ற வேண்டும். மழை பெய்தால் வேலை நிற்கும். வேகன் கிடைக்காவிட்டால் கிடங்கில் நிற்கும். நமக்குச் சம்பா தேவைப்படுகிற நேரமும் வடகிழக்கு மழை நேரமும் ஒன்று. இது அதிகாரிகளுக்குத் தெரியாத ரகசியமா?

எல்லோருக்கும் குடை, நமக்கு மட்டும் மழை

"உலகச் சந்தையில் கடும் போட்டி, நாங்கள் என்ன செய்ய?" என்கிறார்கள் கம்பெனிக்காரர்கள். சரி, கடைசி சில வருஷத்தில் நடந்ததைப் பார்ப்போம்.

2010 ஏப்ரலில் மத்திய அரசு சத்து அடிப்படை மானியம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. யூரியா தவிர மற்ற உரங்களுக்கு மானியத்தை மட்டும் அரசு முடிவு செய்யும், விலையைக் கம்பெனி வைத்துக்கொள்ளலாம். போட்டி வந்தால் விலை குறையும் என்றார்கள். அதற்கு முன்பு பொட்டாஷ் மூட்டை சுமார் 223 ரூபாய். இரண்டே வருஷத்தில் 800 ரூபாயைத் தாண்டியது. போட்டி என்ன ஆச்சு?

2021-ல் உலக விலை ஏறியபோது டிஏபி ஒரு மூட்டையின் அடக்கம் 2,400 ரூபாய் வரை போனது. அந்த மே மாதம் அரசு மூட்டைக்கு 500 ரூபாயாக இருந்த மானியத்தை 1,200 ஆக்கி, நமக்கு 1,200 ரூபாய் விலையை நிறுத்தியது. நல்லதுதான், மறுக்கவில்லை. அதே அக்டோபரில் சீனா தன் உர ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. தன் விவசாயிக்கு முதலில் என்று அவன் கதவைச் சாத்தினான். நாம் கதவுக்கு வெளியே நின்றோம்.

2022 பிப்ரவரியில் பெலாரஸ் பொட்டாஷ் போகிற வழியை லித்துவேனியா அடைத்தது. அதே மாதம் உக்ரைன் போர் மூண்டது. அந்த வருஷம் பொட்டாஷ் மூட்டை 1,700 ரூபாய். டிஏபி 1,350 ரூபாய்.

2023 நவம்பர் முதல் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டன. பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு ஓடின. ஜோர்டான் நாட்டு உரம் ஏறுகிற அகாபா துறைமுகம் அந்தச் செங்கடலில்தான் இருக்கிறது.

2024-ல் உலக விலை ஒரு பக்கம், 1,350 ரூபாய் வரம்பு இன்னொரு பக்கம். இறக்குமதி செய்தால் கட்டுப்படியாகாது என்று கம்பெனிகள் கையைக் கட்டிக்கொண்டன. அரசு டன்னுக்கு 3,500 ரூபாய் தனித் தொகுப்பு கொடுத்தது. அப்படியும் நாட்டின் பல பகுதிகளில் விதைப்புக் காலத்தில் டிஏபிக்கு வரிசை நின்றது.

இதில் ஒரு ஒழுங்கு தெரிகிறதா? கப்பல்காரனுக்கு நஷ்டம் என்றால் கட்டணம் ஏறுகிறது. இறக்குமதியாளருக்கு நஷ்டம் என்றால் சரக்கை நிறுத்துகிறார், மானியம் ஏறுகிறது. வியாபாரிக்கு நஷ்டம் என்றால் வேறு பொருளைத் தலையில் கட்டுகிறார். ஒவ்வொரு கண்ணியும் தன் பாரத்தை அடுத்த கண்ணிக்குத் தள்ளுகிறது. கடைசிக் கண்ணி நாம். நமக்குக் கீழே மண்தான் இருக்கிறது. மண்ணிடம் தள்ள முடியுமா?

2022-23-ல் மத்திய அரசு உர மானியத்துக்குச் செலவிட்டது சுமார் இரண்டரை லட்சம் கோடி ரூபாய். கணக்கில் அது விவசாயி மானியம். 2018 முதல் கடையில் கைரேகை மிஷின் வைத்திருக்கிறார்களே, அது எதற்கு? நாம் கட்டைவிரல் வைத்த பிறகுதான் கம்பெனிக்கு மானியப் பணம் விடுவிக்கப்படுகிறது. விரல் நம்மளது, பணம் அவர்களுக்கு, பழி மட்டும் திரும்ப நமக்கு!

தலையில் கட்டிய டப்பா

போன சம்பாவில் என் கதை இது. இரண்டு ஏக்கருக்கு டிஏபி தேவை. சொசைட்டியில் இல்லை. டவுனில் ஒரு தனியார் கடைக்குப் போனேன். "இருக்கு. ஆனா இதையும் எடுத்துக்கணும்" என்று இரண்டு பாட்டில், ஒரு பொட்டலம் எடுத்து வைத்தார் கடைக்காரர். எனக்கு அது தேவையில்லை என்றேன். "எனக்கும் மேலேருந்து இப்படித்தான் தள்றாங்க அண்ணே. இதை விக்கலேன்னா அடுத்த லோடு கிடையாது" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவரும் சங்கிலியில் ஒரு கண்ணிதான். ஆனால் அந்தப் பாட்டில்கள் இன்னும் என் வீட்டு மாட்டுக் கொட்டகை எரவாணத்தில் தொங்குகின்றன.

இணை இடுபொருளைக் கட்டாயப்படுத்தி விற்கக் கூடாது என்று வேளாண்மைத் துறை வருஷம் தவறாமல் எச்சரிக்கை விடுகிறது. எச்சரிக்கை பேப்பரில் வருகிறது. டப்பா நம்ம பையில் வருகிறது.

நெல்லால் ஒரு கணக்கு

ரூபாயில் பேசினால் ஏமாற்றலாம். நெல்லில் பேசுவோம்.

2010-11-ல் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசு வைத்த விலை குவிண்டால் 1,000 ரூபாய், கிலோ 10 ரூபாய். 2010 ஏப்ரலுக்கு முன் இருந்த உர விலையில் அந்த நெல்லைப் போட்டுப் பாருங்கள். டிஏபி மூட்டை சுமார் 467 ரூபாய். 47 கிலோ நெல் போட்டால் ஒரு மூட்டை. பொட்டாஷ் மூட்டைக்கு 22 கிலோ நெல் போதும்.

2022-23-ல் நெல் குவிண்டால் 2,040 ரூபாய். டிஏபி மூட்டைக்கு 66 கிலோ நெல். பொட்டாஷ் மூட்டைக்கு 83 கிலோ நெல்!

2025-26-ல் மத்திய அரசின் நெல் விலை 2,369 ரூபாய். 1,350 ரூபாய் டிஏபிக்கு 57 கிலோ நெல். அதுவும் கொள்முதல் நிலையத்தில் மூட்டை எடை போடப்பட்டால். வாசலில் வந்து நிற்கிற வியாபாரி கொடுக்கிற விலைக்கு நீங்களே போட்டுப் பாருங்கள்.

யூரியா விலை ஏறவில்லையே என்பார்கள். உண்மை. விலை ஏறவில்லை, மூட்டை இளைத்துவிட்டது.  2024-ல் கந்தகம் பூசிய யூரியாவை 40 கிலோவாக்கி, 45 கிலோ மூட்டையின் அதே 266 ரூபாய் 50 காசுக்குத் தந்தார்கள்.

வரும்போது உலகச் சந்தை, போகும்போது பூட்டு

உரம் வாங்கும்போது "உலக விலை, நாங்கள் என்ன செய்ய?" என்கிறார்கள். சரி. நம்ம விளைச்சலுக்கு உலக விலை ஏறும்போது என்ன செய்தார்கள்?

2023 ஜூலையில் உலகச் சந்தையில் அரிசி விலை ஏறியது. உடனே பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை. 2024 செப்டம்பரில்தான் எடுத்தார்கள். 2023 டிசம்பரில் வெங்காய ஏற்றுமதிக்குத் தடை. 2024 மே வரை நீடித்தது. மலேசியா, சிங்கப்பூர், இலங்கைக்குச் சின்ன வெங்காயம் அனுப்பி வந்த நம்ம பெரம்பலூர், நாமக்கல், திண்டுக்கல் விவசாயி பட்டறையில் போட்டுவிட்டுத் தலையில் கை வைத்தான். 2025 ஆகஸ்டில் பஞ்சு இறக்குமதி வரியை எடுத்துவிட்டு, அந்த வருஷக் கடைசி வரை நீட்டித்தார்கள். ஆலைக்குப் போட்டியைச் சமாளிக்க வேண்டுமாம். பருத்தி போட்டவன் போட்டியை யார் சமாளிப்பது?

பட்டணத்து ஏழைக்கு அரிசி மலிவாகக் கிடைக்க வேண்டும் என்பதை நாங்கள் எதிர்க்கவில்லை. மூலக்கொத்தளத்தில் என் அக்கா மகனும் அரிசி வாங்கித்தான் சாப்பிடுகிறான். ஆனால் அந்த மலிவுக்கான விலையை அரசு கொடுக்கட்டும். ஒவ்வொரு முறையும் விவசாயி மடியிலிருந்து ஏன் எடுக்க வேண்டும்?

எண்ணூர் மக்களின் மூச்சும் இதில் இருக்கிறது

2023 டிசம்பர் 26 ராத்திரி. எண்ணூரில் கோரமண்டல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவருகிற கடலடிக் குழாயில் கசிவு. பெரியகுப்பம், சின்னகுப்பம் மீனவ மக்கள் குழந்தை குட்டியோடு இருட்டில் ஓடினார்கள். மூச்சுத் திணறிப் பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். ஆலை மூடப்பட்டது. அதே மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தையும் அவர்கள் வலையையும் கறுப்பாக்கியிருந்தது.

அந்த அம்மோனியா எதற்கு? நம்ம வயலுக்குப் போகிற உரத்துக்கு. ஆகவே "விவசாயிக்கு உரம் வேண்டும், மீனவர் பொறுத்துக்கொள்ளட்டும்" என்று யாராவது சொன்னால், அந்தப் பேச்சுக்கு நாம் உடந்தை இல்லை. குழாயைப் பாதுகாப்பாக வைக்கிற செலவை மிச்சம் பிடித்து மலிவு உரம் தர வேண்டாம். அவர்களும் கடைசிக் கண்ணி, நாமும் கடைசிக் கண்ணி. இரண்டு கண்ணியையும் மோதவிட்டுப் பார்க்க நினைப்பவர்கள் ஏமாறட்டும்.

அவர்கள் சொல்கிற சமாதானம்

"நீண்டகால ஒப்பந்தம் போட்டாச்சு, இனிக் கவலை இல்லை" என்கிறார்கள். 2025 ஜூலையில் சவூதி அரேபியாவின் மாடன் நிறுவனத்தோடு வருஷத்துக்கு 31 லட்சம் டன் டிஏபிக்கு ஐந்து வருஷ ஒப்பந்தம் போட்டார்கள். நல்ல காரியம், பாராட்டுகிறோம். ஆனால் ஒப்பந்தம் துறைமுகம் வரைக்கும்தானே? துறைமுகத்திலிருந்து நம்ம சொசைட்டிக் கிடங்குக்கு எந்தத் தேதிக்குள் வரும் என்று எந்த ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது?

"முன்கூட்டியே இருப்பு வைத்தால் வட்டி, வாடகை நஷ்டம்" என்கிறார்கள். ஒரு கம்பெனி போட்டியை எப்படிச் சமாளிக்கிறது? நாலு நாட்டில் வாங்குகிறது. முன்பேரம் பேசுகிறது. கிடங்கில் இருப்பு வைக்கிறது. இன்ஷூரன்ஸ் எடுக்கிறது. லேட்டானால் தண்டம் கேட்கிறது. இதெல்லாம் அவர்கள் செய்தால் திறமை. நாம் கேட்டால் மட்டும் நஷ்டமா?

நம்ம பக்கத்துத் தப்பு

ஊரைச் சொல்லும்போது நம்மையும் சொல்லிக்கொள்ள வேண்டும். பக்கத்து வயல் கரும்பச்சையாக இருக்கிறதே என்று யூரியாவை அள்ளி வீசுகிறவர்கள் நம்மில் இல்லையா? மண் பரிசோதனை அட்டையைப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? நம்ம தாத்தா தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார், கொளுஞ்சி போட்டார், வேலி ஓரத்துப் புங்கன் தழையும் எருக்கந்தழையும் சேற்றில் மிதித்தார். அது மொராக்கோவிலிருந்து வரவில்லை. அதைச் செய்தால் உரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மூட்டையில் ஒரு பங்கு குறைந்தாலும் அந்த அளவுக்குக் கப்பலைப் பார்த்து நிற்க வேண்டியதில்லை. சொர்ணவாரிக்கும் சம்பாவுக்கும் நடுவில் கிடைக்கிற நாட்களை இதற்குப் பயன்படுத்துங்கள்.

நாம் கேட்பது

1. சொர்ணவாரி, சம்பா, நவரை ஒவ்வொரு பட்டத்துக்கும் 30 நாள் முன்பே தேவையான உரத்தை டான்ஃபெட் மூலம் ஒவ்வொரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கக் கிடங்கிலும் இருப்பு வை!

2. உரத்துக்கும் டெமரேஜ் வேண்டும்! குறித்த தேதிக்குள் உரம் சொசைட்டிக்கு வராவிட்டால், தாமதிக்கிற ஒவ்வொரு நாளுக்கும் ஏக்கருக்கு இவ்வளவு என்று ஈடு கொடு! அதைச் சப்ளை செய்யும் கம்பெனியின் மானியத்தில் பிடி!

3. இருப்பு எத்தனை மூட்டை, இன்று வந்தது எத்தனை, விற்றது எத்தனை என்று தினமும் பலகையில் எழுது!

4. இணை இடுபொருளைக் கட்டாயப்படுத்துவதைக் கடைக்காரரோடு நிறுத்தாதே. மேலிருந்து தள்ளுகிற கம்பெனி மீதும் 1985 உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி நடவடிக்கை எடு!

5. ஏற்றுமதிக்குத் தடை போடுகிற அன்றைக்கே, தடைக்கு முந்தைய சந்தை விலையில் கொள்முதல் செய்ய உத்தரவு போடு!

6. எண்ணூர் அம்மோனியா குழாயைக் கண்காணிக்கிற குழுவில் மீனவ மக்களை உட்கார வை!

7. பசுந்தாள் உர விதையை மழைக்கு முன்னே கொடு, மழை விட்ட பின் கொடுக்காதே!

இதில் எது நடக்காத காரியம்? கப்பலுக்குக் கெடு எழுதத் தெரிந்த கைக்கு, கழனிக்குக் கெடு எழுதத் தெரியாதா?

புறப்படுங்கள்!

நம்ம சங்கம் மூலக்கொத்தளத்தில் கூடுகிறது. அங்கிருந்து ஸ்டான்லி ஆஸ்பத்திரி வழியாக ராயபுரம் போய், துறைமுக வாசல் வரை நடந்து மனு கொடுக்கப்போகிறோம். நாளும் நேரமும் உங்கள் கிளைச் செயலாளர் வீடு வீடாக வந்து சொல்வார். வரும்போது ஆளுக்கு ஒரு காலி உரச் சாக்கு கொண்டுவாருங்கள். வேறு பேனர் தேவையில்லை. லாரி டிரைவர்களையும், மூட்டை தூக்குகிறவர்களையும், எண்ணூர் மீனவர்களையும் கூப்பிட்டிருக்கிறோம். இது அவர்களுக்கும் எதிரான நடை இல்லை, அவர்களோடு சேர்ந்த நடை.

வீட்டுக்கு ஒருவர் வர முடியாவிட்டால், களத்துக்கு ஒருவராவது வாருங்கள். "நான் ஒருத்தன் போய் என்ன ஆகப்போகுது" என்று நினைப்பவர்கள், அடுத்த சம்பாவில் சொசைட்டி வாசலில் நிற்கும்போது அதே கேள்வியைத் தங்களைக் கேட்டுக்கொள்ளட்டும்.

கப்பலுக்கு ஒரு நீதி, கழனிக்கு ஒரு நீதியா?
காத்திருப்புக்கு விலை உண்டென்றால் பயிரின் காத்திருப்புக்கும் விலை கொடு!
விவசாயி, மீனவர், தொழிலாளி ஒற்றுமை ஓங்குக!

தோழமையுடன்,
சங்கச் செயலாளர்